காணொளியில் எங்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களே, கிளினிக் பொறுப்பாளர்களே,

நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 72 வயது. நீரிழிவும் பிரஷரும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கிளினிக் என்றால் காலைப் படகு, குறிகாட்டுவானில் இறங்கி பஸ், புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலம். சோளகக் காற்று வீசும் காலத்தில் அந்த ஒரு மணி நேரக் கடலே அவரைச் சோர வைத்துவிடும். ஆகவே நீங்கள் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச முன்வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்.

போன முறை எங்களுக்கு வந்த தகவலில் திகதியும் நேரமும் ஓர் இணைப்பும் மட்டும் இருந்தன, அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவை விறாந்தையில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருத்திவிட்டேன். அவர் முகம் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். "என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் அம்மா?" என்று வைத்தியர் பொறுமையாகத்தான் கேட்டார். "காலையில் ஒரு வெள்ளை, இரவில் பாதி மஞ்சள்" என்றார் அம்மா. நான் ஓடிப்போய் அலுமாரியிலிருந்த பிஸ்கட் பேணியை எடுத்து வந்து மேசையில் கொட்டினேன். ஏழெட்டுச் சிறிய கடதாசிப் பைகள். மூன்றில் பெயர் அழிந்திருந்தது. இன்னொன்றில் "காலை 1, இரவு 1" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கமராவுக்குக் கிட்டப் பிடித்தால் எழுத்துக் கலங்கியது. நேரம் அதிலேயே போய்விட்டது. உள்ளங்காலில் இருந்த புண்ணைக் காட்டக் குனிந்தபோது சார்ஜும் தீர்ந்தது.

அன்றிரவு அம்மா சொன்னார்: "சலம் அடக்க முடியாமல் இருப்பதைச் சொல்ல நினைத்திருந்தேன் பிள்ளை. சித்தப்பா பக்கத்தில் இருந்தார்." அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சந்திப்புக்கு முதல் நாள், ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் அனுப்பிவையுங்கள்.

சார்ஜ் ஏற்றி வையுங்கள், யன்னலைப் பார்த்து இருங்கள் என்பவை இரண்டு வரியில் முடிந்துவிடும். குளிசைகளைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். எல்லாப் பைகளையும், பார்மசியில் தாங்களாகவே வாங்கிய நோக்குளிசையையும், நாட்டு வைத்தியரின் கசாயத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கசாயம் என்றால் ஏசுவார்கள் என்ற பயத்தில் எங்கள் மூத்தவர்கள் மறைத்துவிடுவார்கள். ஏச மாட்டோம் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிரஷர் அளக்கும் முறையையும் சொல்லுங்கள். அதற்கு முந்திய அரை மணி நேரம் தேநீரோ கோப்பியோ வேண்டாம். முதுகு சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பின், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். இதை ஒரு தாதி சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்த கையோடு அளந்த இலக்கங்கள்தான் கிளினிக் கொப்பி முழுக்க இருக்கின்றன. சீனி அளவென்றால் வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பின்னா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். புண் இருந்தால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பலாமா என்பதையும் தெரிவியுங்கள். தனியே பேச விரும்புவோர் அதைக் கேட்கலாம் என்ற வரி கட்டாயம் வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரென வாய் கோணுதல் என்றால் திரைக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும், அல்லது கிட்டிய வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதும்தான்.

1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். உடற்கூற்றையே தமிழில் படித்த மண்ணில், ஒரு கிழவிக்கு அனுப்பும் தகவல் ஆங்கிலத்தில் வருவது மனதைத் தைக்கிறது.

இந்தக் குறிப்பை நானே கையால் எழுதி அம்மாவின் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். கேட்டால் படமெடுத்து அனுப்புவேன். பிழைகளைத் திருத்துங்கள். இணைப்பு அறுந்தால் நீங்கள் எடுப்பீர்களா, நாங்கள் எடுக்க வேண்டுமா என்பதையும் அடியில் சேர்த்துவிடுங்கள். அம்மாவின் அடுத்த சந்திப்பு இரண்டு கிழமையில் வருகிறது.

இப்படிக்கு,
நெடுந்தீவிலிருந்து ஒரு மகள்