ஐந்தாம் ஆண்டு வரலாற்றுத் திரட்டேடு: மாமன்னரின் உரிமை எங்கிருந்து வருகிறது?

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இத்தவணையில் நம் நாடான மலேசியாவின் அரச அமைப்பைப் பற்றித் திரட்டேடு தயாரிக்கிறார்கள். ஒன்பது மாநிலங்களின் அரச ஆட்சியாளர்களின் படங்களை ஒட்டிப் பெயர்களை எழுதினால் மட்டும் போதாது. ஒருவர் எந்த உரிமையில் அரியணை ஏறுகிறார் என்பதைப் பிள்ளைகள் தங்கள் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும்.

ராஜா கதைகள் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 'மாமன்னரின் மூத்த மகன்தான் அடுத்த மாமன்னர்' என்று எழுதிவிடுவார்கள். மாநில அரியணைக்கே அது எல்லா இடத்திலும் பொருந்தாது. பேராக்கில் அரச குடும்பத்தின் மூன்று கிளைகள் முறைவைத்து வருகின்றன. நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் தலைவர்களான உண்டாங்குகள் கூடி, அரச வம்சத்து ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நாட்டின் தலைவரான மாமன்னரின் பதவியோ, ஆட்சியாளர்கள் தங்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாண்டுப் பதவி. வாக்குரிமை ஒன்பது ஆட்சியாளர்களுக்கு மட்டுமே. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்களுக்கு இல்லை. 1957-இல் ஆட்சி மூப்பு பார்த்தார்கள். முதலிடத்தில் இருந்த ஜொகூர் சுல்தான் முதுமையால் மறுத்துவிட்டார். முடிவில் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான் முதல் மாமன்னரானார். ரிங்கிட் நோட்டில் இருப்பது அவர் முகம்தான், பிள்ளைகளிடம் காட்டுங்கள். முதல் சுற்று முடிந்ததும் மாநில வரிசை நிலைத்துவிட்டது: நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பெர்லிஸ், திரெங்கானு, கெடா, கிளந்தான், பகாங், ஜொகூர், பேராக்.

வகுப்பில் மாதிரி வாக்கெடுப்பும் உண்டு. ஒன்பது மாணவர்கள், எண்ணிடாத ஒரே அளவுச் சீட்டு, ஒரே நிற மை. ஒன்பது வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்து நண்பனின் பெயரை எழுதிவிடுவதுதான் இதில் நேரும் தவறு. கேள்வி ஒன்றே ஒன்று: வரிசையில் முதலில் நிற்கும் மாநிலத்தின் ஆட்சியாளர் பொருத்தமானவரா, இல்லையா? ஐந்து வாக்கு கிடைத்தால் பதவி அவருக்கு வழங்கப்படும். கிடைக்காவிட்டாலோ அவரே மறுத்தாலோ அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும்.

துணை மாமன்னர் தானாகவே மாமன்னராகிவிடுவார் என்பது இன்னொரு தவறு. 2019 ஜனவரி 6-ஆம் நாள் கிளந்தானின் சுல்தான் ஐந்தாம் முகமது பதவி விலகியபோது, துணை மாமன்னரான பேராக் சுல்தான் பொறுப்பை மட்டுமே கவனித்தார். ஜனவரி 24-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பகாங் சுல்தான் அப்துல்லா.

வாக்கும் வம்சமும் மட்டுமே உரிமை தருவதில்லை. பழைய மலாய் வரலாறான செஜாரா மெலாயுவில் ஓர் உடன்படிக்கை வருகிறது: குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யக்கூடாது, அரசனும் குடிகளை இழிவுபடுத்தக்கூடாது. குற்றத்துக்குத் தண்டிக்கலாம், அவமானப்படுத்தலாகாது. அரசன் இதை மீறினால் அவன் ஆட்சி அழியும் என்கிறது அந்நூல். என் கருத்தில், இந்தப் பாடத்தின் உயிரே இந்தப் பகுதிதான். திரட்டேட்டில் ஒரு முழுப் பக்கம் இதற்குத் தரலாம்.

இன்று அந்த எல்லையை அரசியலமைப்பு வகுக்கிறது. பெரும்பாலானவற்றில் மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார். 1993-இல் ஆட்சியாளர்கள் மீதான வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றம் ஏற்பட்டது. 1994 முதல், நாடாளுமன்றம் அனுப்பிய மசோதாவுக்கு 30 நாள்களில் ஒப்புதல் கிடைக்காவிட்டாலும் அது சட்டமாகிவிடும். ஆனால் பிரதமரை நியமிப்பதில் அவருடைய சொந்த முடிவுக்கு இடமுண்டு. 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்கான 112 கிடைக்காதபோது அதைக் கண்ணெதிரே பார்த்தோம்.

ஒரு வேண்டுகோள். அரச குடும்பத்தினரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சமூக ஊடகங்களில் வருபவற்றைத் திரட்டேட்டில் சேர்க்க வேண்டாம். 'மன்னராட்சி வேண்டுமா, வேண்டாமா' என்ற தலைப்பில் பட்டிமன்றமும் வைக்கவில்லை. ஆட்சியாளர்களின் இறையாண்மையைக் கேள்விக்குள்ளாக்குவதற்குச் சட்டத்தடை இருக்கிறது. அரச அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைத் தாராளமாகப் பேசலாம், கேட்கலாம்.

திரட்டேட்டுக்கு A4 தாள் போதும். கடையில் அச்சடித்து விற்கும் ஆயத்தத் தாள்களை ஏற்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்