பந்தல்காரன் பிழைத்துக்கொண்டான், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் அம்மாவைப் போன வாரம் பார்த்தேன், முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, வழக்கம்போல் உன்னைத் திட்டினார்கள். ஃபோனில் பேசினால் 'அப்புறம், வேற' என்று ரெண்டு நிமிஷத்தில் கழற்றிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

பந்தல்காரனுக்கு ஆவணியில் மாரடைப்பு வந்தது. உனக்குச் சொல்லவே கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான், 'அவன் சிங்கப்பூர்லேருந்து டிக்கெட் போட்டுக்கிட்டு வந்து நிப்பான், வேணாம்' என்று. இப்போது நான் அதை மீறுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கல்யாண வீட்டுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து இறங்கி, இடது தோள் இழுக்கிறது, கேஸ் ட்ரபுள் என்று சொல்லிவிட்டு ஒரு கோலி சோடாவைக் குடித்துத் தென்னை மரத்தடியில் படுத்திருக்கிறான். சோடாவுக்கு மேல் ஓமத்தண்ணீர், அதற்கு மேல் யாரோ பூண்டைச் சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் நெஞ்சுவலி என்று ஒன்று கிடையாதே, எல்லாமே வாயுதான். நல்லவேளை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வீடு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்கா அந்த வழியாக வந்தார். சட்டை தொப்பலாக நனைந்து கிடப்பதைப் பார்த்ததும் 'இது வாயு இல்லடா, எழுந்திரு' என்று ஒரு அதட்டு, உடனே 108. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்து, ஒரு கை நிறைய மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். ஆஸ்பிரின் ரெண்டு, குளோபிடோக்ரெல் நாலு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் ரத்தம் மேற்கொண்டு உறையாமல் இருக்க, 'இதயம் காப்போம்' திட்டம் என்று 2023-லிருந்து இதைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் தஞ்சாவூரில் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்து, வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாளே சாரக்கட்டைக் கணக்குப் பேச ஆரம்பித்துவிட்டான் படவா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மைனர் 'எல்லாம் தலையெழுத்துடா' என்றான். எனக்குச் சுருக்கென்றது. தலையெழுத்து என்றால் அது நம்ம பக்கத்துக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே எழுதியிருக்கிறது? கேரளத்திலிருந்து போன சலீம் யூசுப் என்கிற டாக்டர் 52 நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தது. முதல் மாரடைப்புகளில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒன்பதே விஷயங்களில் அடங்கிவிடுகிறது: புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மனஉளைச்சல், காய்கறி பழம் போதாமை, உடம்பு அசையாமை, குடி. நம்ம தெற்காசியக்காரர்களுக்கு முதல் அட்டாக் வருகிற சராசரி வயது 53, மற்ற நாட்டுக்காரர்களுக்கு 59 பக்கம். மாப்ளே, உங்கள் அப்பா திண்ணையில் சாய்ந்தபோது அவருக்கு என்ன வயது என்று உனக்கே தெரியும். நாமெல்லாம் அந்த வயதைத் தொட்டுவிட்டோம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, நீயே யோசித்துக்கொள்.

சரி, இப்போது நாங்கள் அடிக்கிற கூத்தைக் கேள்.

சலூன் அண்ணன் கடையில் பிரஷர் மெஷின் வைத்திருக்கிறோம். சிரிக்காதே. 2018-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டப் போகிற கடைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சில கடைகளில் முடிவெட்டுகிறவர் 'டாக்டரைப் பாரு, உப்பைக் குறை' என்று வாயால் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு, அதாவது முதலில் சொல்கிற எண், 9 இறங்கியது. மற்ற கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து, அங்கேயே பார்த்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அங்கே 27 இறங்கியது. வெறும் புத்திமதிக்கு எவ்வளவு மரியாதை என்று பார்த்தாயா? அதனால்தான் நாங்களும் மெஷினை வைத்ததோடு விடவில்லை. அந்த அக்காவே வாரத்தில் ஒரு நாள் சலூனுக்கு வந்து பிரஷர் எழுதுகிற நோட்டைப் புரட்டுகிறார், 140-க்கு 90-ஐத் தாண்டினவனைச் சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்.

அண்ணன் பிரஷர் பார்க்கிற அழகை நீ நேரில் பார்க்க வேண்டும். வந்தவனை உடனே பார்க்கமாட்டார். அஞ்சு நிமிஷம் நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் ரெண்டும் தரையில் படுகிற மாதிரி உட்கார வேண்டும். கையை நெஞ்சு உயரத்துக்கு வைக்க, தினத்தந்தி கட்டுக்கு மேல் துண்டை மடித்துப் போட்டு ஒரு மேடை செய்திருக்கிறார். பட்டை காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது பேசினால் அளவு கூடிப்போகும் என்று அக்கா சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அரசியல் பேசுவதற்காகவே கட்டிவிட்ட கடை அது. அங்கே பத்துப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மெஷின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! அளவு தெரிந்ததும் சீப்புக்குப் பக்கத்தில் தொங்குகிற கோடு போட்ட நோட்டில் எழுதி, மேலே கூடியிருந்தால் சிவப்பு மையில் சுழிக்கிறார். சிவப்புச் சுழி வாங்கினவனைப் பார்த்து மற்றவர்கள் பண்ணுகிற கிண்டல் இருக்கிறதே, அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஊறுகாயைக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் உண்மையான வேலை நடப்பது சலூனில் இல்லை, மகளிர் குழுவில். எங்கள் வீட்டம்மா கண்டுபிடித்த வழி ஒன்று சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது ஓட வேண்டும். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதிவிடுகிறார்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பாக்கெட்டோடு வர வேண்டும். முதல் மாதம் முக்கால்வாசி வீட்டில் மாதம் முடிவதற்குள்ளேயே காலி. அதிலும் கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், வடு மாங்காய் எல்லாம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இதே கணக்கை இப்போது ரேஷன் பாமாயிலுக்கும் போடுகிறார்கள், அதில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால். ஆம்பிளைகளை உட்காரவைத்துப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இவர்கள் பாக்கெட்டைக் காட்டச் சொல்கிறார்கள், தப்பிக்க முடிகிறதா பார்.

இதுவும் எங்கள் சொந்தச் சரக்கில்லை. பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு பகுதி, பால் மாடும் வெண்ணெயுமாக வாழ்ந்த ஜனம், ஆண்கள் நாற்பது ஐம்பதில் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். ஊர்க்காரர்களே அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்து, 1972-ல் பெக்கா புஸ்கா என்கிற சின்ன வயது டாக்டர் தலைமையில் வேலை ஆரம்பித்தது. டாக்டரை விட அதிகம் உழைத்தது மார்த்தா என்கிற பெண்கள் சங்கம்தான். ஊர் ஊராக விருந்து வைத்து, கொழுப்பும் உப்பும் குறைத்த பழைய சமையலைச் சாப்பிடப் பழக்கினார்கள். கிராமத்துக்கும் கிராமத்துக்கும் கொலஸ்ட்ரால் குறைக்கிற போட்டி வேறு. நாற்பது வருஷத்துக்குள் வேலை செய்கிற வயது ஆண்களில் மாரடைப்புச் சாவு ஐந்தில் நாலு பங்குக்கு மேல் குறைந்துபோனது. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. வெண்ணெய் விற்காமல் போனால் பால்காரன் என்ன செய்வான் என்று கேட்டு, அவர்களைப் பெர்ரிப் பழச் சாகுபடிக்குத் திருப்பிவிட்டார்கள். இதை நம்ம டீக்கடைக்காரரிடம் சொன்னேன். ஏனென்றால் அவர் எங்கள்மேல் கொலைவெறியில் இருந்தார், பஜ்ஜி போணி ஆகவில்லை என்று. இப்போது சாயங்காலம் சுண்டல் போடுகிறார். கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை இன்னும் விடவில்லை, அது அடுத்த சண்டை.

நடை? வெண்ணாற்றுக் கரையில் நடக்கிறோம், முடிந்த அன்றைக்கு ஆறு பிரிகிற மூணாறு தலைப்பு வரைக்கும். முன்பு நாற்று நடவும் களையெடுப்பும் போரடிப்பும் உடம்பை முறித்தன. இப்போது நடவு மெஷின், அறுவடை மெஷின், வயலைப் பார்க்கவே எக்ஸ்எல் வண்டியில் போகிறான். சாப்பாடு மட்டும் அதே கும்பாச் சோறு. மார்கழி என்பதால் பெண்கள் எப்படியும் விடியற்காலையில் கோலத்துக்கு எழுந்துவிடுகிறார்கள், அப்படியே ஒரு நடை சேர்த்துக்கொண்டார்கள். தனியாகப் போனால் 'இவளுக்கு என்ன வேலை' என்று பேசுகிற ஊர், எட்டுப் பேராகப் போனால் வாயை மூடிக்கொள்கிறது. உங்கள் ஊரில் நடந்தால் அரசாங்கமே வவுச்சர் கொடுக்கிறதாமே, நீ வாங்கினாயா, அதுவும் இல்லையா?

சிகரெட் கதை கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். கல்யாணம், கருமாதி எதுவானாலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் பீடியும் பரப்பி வைப்போமே, அந்தத் தட்டு இருந்தால் பந்தல் போடமாட்டேன் என்கிறான் நம்ம ஆள். பெரிய வீட்டுக் கருமாதியில் இதற்காகவே சண்டை. 'வந்தவங்களுக்கு என்ன மரியாதை' என்று பெரியப்பா குதிக்கிறார், இவன் கீற்றுக்கட்டை அவிழ்க்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் தட்டு உள்ளே போனது. புகையை விட்டு ஒரு வருஷத்தில் அதனால் வந்த மாரடைப்பின் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பிக்கிறான்.

இவ்வளவு வீராப்புப் பேசுகிறவன், மாப்ளே, மாத்திரையை நிறுத்திவிட்டான். தீபாவளியோடு. அவன் மனைவி அழுதுகொண்டே சொன்னபிறகுதான் எங்களுக்கே தெரியும். 'நல்லாத்தானே நடக்குறேன், சிகரெட்டையும் விட்டுட்டேன், எதுக்கு அது, சூடு' என்கிறான். ஸ்டென்ட் வைத்தவன் டாக்டரைக் கேட்காமல் அந்த ரத்தம் உறையாத மாத்திரையை விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். அக்கா திட்டியாயிற்று, மைனர் காலில் விழாத குறை. உண்மையைச் சொன்னால் எனக்கு இப்போது ராத்திரியில் ஃபோன் அடித்தாலே கை நடுங்குகிறது.

கொலம்பியாவிலும் மலேசியாவிலும் முப்பது ஊர்களில் செய்த ஒரு ஆய்வு 2019-ல் வந்தது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவது, மருந்து இலவசம், அதோடு நோயாளிக்குப் பிடித்த சொந்தக்காரர் ஒருவரோ நண்பரோ கூடவே நின்று மாத்திரை போட்டாயா, நடந்தாயா என்று விடாமல் கேட்பது. வழக்கமான வைத்தியத்தை விட மேல் அளவு 11 கூடுதலாக இறங்கியதாம். அப்படிக் கூடவே நின்று கேட்கிற ஆள் நீதான். நாங்கள் தினம் பார்க்கிற முகங்கள், எங்கள் பேச்சு அவனுக்குச் சலித்துவிட்டது. நீ சொன்னால் கேட்பான், மன்னார்குடி லாட்ஜ் விவகாரத்திலிருந்து அப்படித்தானே. நான் எழுதினதைச் சொல்லிக்கொள், கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, மாத்திரை அட்டையை வீடியோவில் காட்டச் சொல், வாரா வாரம் விடாதே. அப்படியே உன் பிரஷரையும் பார்த்து அவனிடமே சொல்லு, அவனுக்கும் உன்னை மிரட்ட ஒரு வாய்ப்பு வேண்டாமா.

பொங்கலுக்கு வரும்போது மேல்கையில் கட்டுகிற மெஷினாக இன்னொன்று வாங்கிவா, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பெரிய அளவுப் பட்டையும் சேர்த்து. இருக்கிற பட்டை மைனர் கைக்குப் பத்தவில்லை, சின்னப் பட்டையில் பார்த்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டுமாம், அந்தச் சாக்கில் அவன் சிவப்புச் சுழியை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். நீடாமங்கலம் பால் திரட்டு உனக்குக் கால் கிலோ மட்டும்தான் வாங்கி வைப்பேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உன் பங்காளி