ஏ.சி.க்குக் கேஸ் ஏற்றச் சொல்வதற்கு முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் எங்கள் கடைப் போன் ஓயாது. பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் இல்லை, கேஸ் குறைஞ்சிருக்கும், வந்து அடிச்சுட்டுப் போங்க." இந்தக் கோடையிலிருந்து, லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றித் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறோம்.

ஏ.சி. கேஸ், சமையல் சிலிண்டர் போலத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் இண்டோர் காயிலில் (குழாய்ச் சுருளில்) குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் அதை அழுத்தி, வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியின் காயிலுக்குத் தள்ளும். அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். எத்தனை வருடம் ஓடினாலும் அளவு குறைய வேலையில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் குழாயை மெஷினோடு இணைக்கும் ஃபிளேர் நட்டில், இல்லையென்றால் காயிலில். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று காயிலை அரித்துவிடும்.

அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நிறுத்தி வைத்த மெஷினில் தெரியாது. வெளியே 35 டிகிரி என்றால் ஆர்-32 என்கிற வகைக் கேஸ் ஏறக்குறைய 300 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும். உள்ளே 700 கிராம் இருந்தாலும் அதேதான், 400 கிராம் இருந்தாலும் அதேதான். கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அந்த எண் வெயிலின் கணக்கு, கேஸின் கணக்கு இல்லை.

ஓடும்போது பார்த்தாலும் கவனம் வேண்டும். பழைய ஆர்-22 வகைக் கேஸ் மெஷினில் சக்ஷன் பக்கம், அதாவது கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கம், 60, 70 பி.எஸ்.ஐ. இருந்தால் சரி. ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் அது 120-ஐ ஒட்டி, சில சமயம் அதற்கும் மேலே இருக்கும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸரின் வேகம் மாற மாற இந்த எண்ணும் மாறும். முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்காத அளவு ஒன்றுக்கும் உதவாது.

ஆர்-32-இல் சக்ஷன் அழுத்தம் சுமார் 103 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் இது நடக்கும், ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று வராவிட்டாலும் நடக்கும். ஃபில்டர் அடைத்த வீட்டில், கேஜைப் பார்த்துக் கேஸை ஏற்றிவிட்டால் அன்றைக்குச் சரியானது போலத்தான் தெரியும். அப்புறம் நீங்கள் ஃபில்டரைக் கழுவும்போது அந்தக் கூடுதல் கேஸ் வேலையைக் காட்டும். அவுட்டோர் பக்கம் அழுத்தம் எகிறும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வந்து அதைக் கெடுக்கவும் செய்யும். கம்ப்ரஸர் விலை உங்களுக்கே தெரியும்.

ஆகவே எங்கள் ஆள் வந்தால் முதலில் ஃபில்டரையும் இரண்டு காயிலையும் பார்ப்பார். லீக் சந்தேகம் இருந்தால் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவித் தேடுவார். (நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு யாராவது வந்தால், தயவுசெய்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும்.) கசிவை அடைத்த பிறகு பம்ப் வைத்து வேக்கம் எடுப்போம், அதாவது உள்ளிருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்குவோம். உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் அழுத்தம் ஒருநாளும் ஒழுங்காக நிற்காது. கடைசியில்தான் கேஸ், அதுவும் தராசில் நிறுத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில். இதற்கு அரை நாள் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனால் வருடா வருடம் டாப்-அப்புக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் இதுதான் மலிவு.

ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290 என்கிற இன்னொரு வகை, புரொப்பேன் என்பதால் நன்றாகவே பிடிக்கும். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாமி விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்.

கூலிங் குறைந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவி, அவுட்டோருக்கு முன்னால் காயப்போட்ட துணியையும் அட்டைப்பெட்டியையும் நகர்த்திவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கூப்பிடுங்கள். எத்தனை கிராம் ஏற்றினோம், அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதை இனி பில்லிலேயே எழுதித் தருவோம். எழுதாமல் விட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏ.சி. சர்வீஸ் கடையினர்