கவிதைக்குக் கீழே இருக்கும் ஆண்டை எடுத்துவிடாதீர்கள்

ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளைத் தொகுப்பவர்களுக்கும் பதிப்பிப்பவர்களுக்கும்,

வணக்கம். சிதறிக் கிடந்த கவிதைகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சில் கொண்டுவருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அண்மையில் வாங்கிய ஒரு தொகுப்பில் எந்தக் கவிதைக்கும் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, முதலில் எந்த இதழில் வந்தது என்றும் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

வீட்டைப் பூட்டிச் சாவியோடு நடந்துபோகும் ஒரு கவிதை என்று வையுங்கள். கீழே 30.10.1995 என்றிருந்தால், இலங்கை ராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்த நாள் அது. 30.10.1990 என்றிருந்தால், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டிய நாள். அதே ஊர், அதே தேதி, நடுவில் ஐந்தே வருடம். ஆண்டை எடுத்துவிட்டால் ஒருவர் கண்ணீரை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

சில கவிதைகள் தாமே சொல்லிவிடும். கவிஞர் நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யைப் படித்தால் 1981இல் எரிந்த யாழ் நூலகம் கண்முன் வந்துவிடும். எல்லாக் கவிதையும் அப்படி வாய்விட்டுப் பேசாது. பயத்துக்குள் இருந்து எழுதியவர்கள் ஆளையும் இடத்தையும் மறைத்துத்தானே எழுதினார்கள்? கவிஞர் சிவரமணி 1991 மே மாதம் தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு இறந்துபோனார். நாம் படிப்பவை பிறர் கைகளில் தப்பியவை. அப்போது யாழ்ப்பாணம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதே ஆண்டு அவர்கள் பிடித்துச் சென்ற கவிஞர் செல்வி திரும்பவே இல்லை. இது தெரியாத இளம் வாசகர் சிவரமணியின் மூச்சுமுட்டலை 2009 முள்ளிவாய்க்காலோடு சேர்த்துப் படித்தால், தவறு அவருடையதா?

போரின்போது அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல் பள்ளிக்கூடக் கொப்பி (நோட்டு) தாளிலேயே அச்சடித்தார்கள். எழுத்துகளுக்கு நடுவே கோடுகள் ஓடும். ஒவ்வொரு தாளையும் எண்ணிச் செலவழித்த காலம் அது. இன்று நமக்குத் தாளுக்குப் பஞ்சமில்லை, ஒரு வரிக்கு இடம் விடலாம்.

தேடுவது சிரமம்தான், தெரியும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேமித்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய இதழ்கள் நிறையக் கிடைக்கின்றன. அங்கும் அகப்படாவிட்டால் 'ஆண்டு தெரியவில்லை' என்றாவது போடுங்கள். அப்புறம், எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அடுத்த பதிப்புக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்