வராமல் போன ஒம்பது இருவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த போகியன்று தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் படம் வந்திருந்தது. தோளில் பை, இடுப்பில் பிள்ளை என்று எங்கு பார்த்தாலும் தலைகள். அந்தப் படத்தை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முந்தின இரவு அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றவர்கள்தான். சொந்த ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை சிறப்புப் பேருந்துகள் என்று உள்ளே விரிவாக எழுதியிருந்தீர்கள். அந்தச் செய்தியில் விட்டுப்போன ஒரு பயணத்தைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம்.

சேலையூரில் 26 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். எங்கள் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தீபாவளிக்குக்கூட அரை நாள் கடை திறந்திருக்கும். வருஷத்தில் முழுசாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போவது பொங்கலுக்கு மட்டும்தான். நாலு நாள். அந்த நாலு நாளுக்காக மீதி வருஷம் முழுக்க வெல்லமும் பச்சரிசியும் நிறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

ரயில் எங்களுக்கு அமைவதில்லை. பயணத்துக்கு 120 நாள் முன்பே திறந்த முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும். அந்த நேரம் கடையில் பால், தயிர், இட்லி மாவு என்று ஆள் நெரியும். மகள் செல்போனில் முயன்று பார்த்தாள். காத்திருப்போர் பட்டியலில்தான் வந்தது. சரி, பஸ்ஸிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். கிளாம்பாக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வழிகாட்ட ஆள் இருந்தார்கள், வரிசை இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் வண்டி கிடைத்தது. பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்தோம், திருச்சியைத் தாண்டியபின் வேகம் பிடித்தோம். வழக்கமான கதைதான்.

நடுவில் ஓர் இடத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பேச்சிலேயே எங்கள் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது. “நான் டவுன் பஸ் ஓட்டுறவன் அண்ணாச்சி. பொங்கலுக்கு நாலு நாள் மெட்ராஸ் டூட்டி போட்டுட்டாங்க. வீட்டுல பொங்கல் விடுறத நான் பாத்து மூணு வருஷம் ஆச்சு” என்றார். கண் சிவந்து போயிருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

விடிகாலை நாலேமுக்காலுக்கு எங்கள் பக்கத்துப் பெரிய ஊரில் இறங்கினோம். அங்கிருந்து கிராமத்துக்கு 17 கிலோமீட்டர். முதல் டவுன் பஸ் ஐந்தேகாலுக்கு. ஆறு மணி வரை வரவில்லை. டைம் கீப்பரிடம் கேட்டேன். “வண்டி டெப்போவுல நிக்கி அண்ணாச்சி. ஓட்ட ஆள் இல்ல. டிரைவர் ஸ்பெஷலுக்குப் போயிருக்கார்” என்றார். அந்த ஊர் எது, டெப்போ எது என்று நான் எழுதப் போவதில்லை. யார் மேலும் பழி போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. விசாரித்த வரையில் பல மாவட்டங்களில் இதுதான் நடக்கிறது.

அன்று ஆட்டோவுக்கு 700 ரூபாய் கொடுத்தோம். கொடுக்க முடிந்தது, கொடுத்தேன். நான் எழுத வந்தது அந்த 700 ரூபாயைப் பற்றியும் இல்லை. என் அத்தையைப் பற்றி.

அப்பாவுடன் பிறந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது அத்தை ஒருத்திதான். வயது 79. வாக்கப்பட்ட ஊர் எங்கள் ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். எங்கள் பக்கம் கூடப்பிறந்த பெண்ணுக்கு வருஷா வருஷம் பொங்கப்படி கொடுப்பது வழக்கம். எத்தனை வயதானாலும், பேரன் பேத்தி எடுத்தாலும், பிறந்த வீட்டிலிருந்து படி போக வேண்டும். கரும்பு, இலையோடு மஞ்சள் குலை, பச்சரிசி, மண்டைவெல்லம், தேங்காய், வாழைப்பழம், சிறுகிழங்கு, பிடிகிழங்கு, பனங்கிழங்கு, வெற்றிலையில் வைத்துக் கொஞ்சம் பணம். அப்பா இருந்தவரை அவர் கொடுத்தார். அவர் போன பிறகு நான் கொடுக்கிறேன். இந்த முறையும் போகியன்று சாயங்காலம் தம்பியின் டிவிஎஸ் வண்டியில் கரும்பைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தை கரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு கரும்பில் என்ன இருக்கிறது என்று பட்டணத்துப் பிள்ளைகள் கேட்கலாம். அத்தை அதைச் சுவரில் சாய்த்து வைத்த விதத்தை என் மகள் பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

படி வாங்கிய அத்தை, மாட்டுப்பொங்கலன்று பிறந்த வீட்டுக்கு வந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள். நான் சிறுவனாக இருந்தபோது மாட்டு வண்டியில் வந்தாள். அப்புறம் டவுன் பஸ். காலை 9.20க்கு அவள் ஊரில் ஏறினால் பத்து மணிக்கு எங்கள் வாசலில் இருப்பாள். முந்தின நாள் பொங்கின வெள்ளைப் பொங்கல் தண்ணீரில் கிடக்கும். மீந்த குழம்பையும் கூட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைத்த சுண்டக்கறி இருக்கும். அந்தப் பழையதையும் சுண்டக்கறியையும் திண்ணையில் உட்கார்ந்து அத்தை சாப்பிட்டால்தான் எங்கள் வீட்டில் பொங்கல் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிட்டபடியே அப்பாவைப் பற்றி ஏதாவது ஒரு கதை சொல்லுவாள். ஒவ்வொரு வருஷமும் நாங்கள் கேட்டிராத ஒன்று அவளிடம் இருக்கும்.

இந்த மாட்டுப்பொங்கலன்று பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. செல்போனை அவள் வெளியே எடுத்துவர மாட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தோம். “எட்டரைக்கே கிளம்பிட்டாங்களே” என்றார்கள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஊர் விலக்கில், அதாவது அவள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தாள். மடியில் பச்சையும் சிவப்புமாகப் பின்னிய வயர் கூடை. அதற்குள் அவித்துத் தோல் உரித்து நாரில் கட்டிய பனங்கிழங்கு, என் மகளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டில் காலி. அவளோடு பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் பத்தரை மணிக்கே திரும்பிப் போய்விட்டார்களாம். தலைப்பொங்கலுக்கு மாமியார் வீடு போக வந்த ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வழியே வந்த டிராக்டரில் ஏறிப் போனார்களாம். என்னைப் பார்த்ததும் அத்தை சொன்னது இதுதான்: “ஒம்பது இருவது இன்னும் வரலய்யா.”

மூன்று மணி நேரம், ஆசிரியர் அவர்களே. தை மாத வெயில்தான் என்றாலும் கரிசல் காட்டு வெயில் அது. அந்த வண்டி அன்றைக்கு வராது என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நிறுத்தத்தில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை. வருஷம் 365 நாளும் வருகிற வண்டி என்ற நம்பிக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தவள். டிவிஎஸ்ஸில் ஏற முடியாது. தெரிந்தவருடைய லோடு ஆட்டோவைக் கெஞ்சிக் கூப்பிட்டு, பின்னால் சாக்கை விரித்து உட்கார வைத்து, நானும் கூடவே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. பிள்ளைகள் உட்பட யாரும் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு அத்தையைத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த லோடு ஆட்டோக்காரருக்கும் மாடு இருந்தது, வீட்டில் மாட்டுப்பொங்கல் இருந்தது. சாயங்கால பஸ்ஸும் இல்லை. அப்பா கதை இந்த வருஷம் கிடைக்கவில்லை. சோர்ந்து போயிருந்தாள், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பொங்கலுக்கு உறவைத் தேடிப் போவது என்றால் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போவதுதான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 11 கிலோமீட்டர் போகிறவளும் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவள்தான். என்னைப் போன்றவர்களைக் கொண்டுவந்து இறக்குவதற்காக அவளுடைய வண்டியின் டிரைவரை எடுத்துவிட்டார்கள். அந்த இரவு டீக்கடையில் என்னோடு பேசிய டிரைவர் அவள் தடத்தில்கூட ஓட்டுகிறவராக இருக்கலாம். இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் உள்ளவர்களுக்கு அது மாதச் செலவில் ஒரு மிச்சம். கிராமத்து வயதான பெண்களுக்கு அது வேறு. மகனிடமோ மருமகளிடமோ கை நீட்டாமல் நினைத்தபோது பிறந்த வீட்டுக்குப் போய்வரலாம். அத்தை அந்த இலவச டிக்கெட்டைக் கசங்காமல் மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருப்பாள். இறங்கும் வரை இரண்டு முறை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு வண்டியும் நின்றால் அவளுக்கு மிஞ்சுவது ஆட்டோ. அவளுடைய முதியோர் உதவித்தொகையே மாதம் 1,200 ரூபாய்தான்.

சிறப்புப் பேருந்துகள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அவை இல்லாவிட்டால் நானே ஊர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. டிரைவர், கண்டக்டர்களுக்கும் வீடு உண்டு, பொங்கல் உண்டு. எல்லா நடையும் ஓட வேண்டும் என்றும் கேட்கவில்லை. எந்தக் கிராமத்துக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான் போகிறதோ, அந்தத் தடத்தில் மட்டுமாவது போகி முதல் காணும் பொங்கல் வரை காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அவ்வளவுதான். சென்னையிலிருந்து வரும் வண்டிகள் விடிகாலையில் இறக்கிவிடுகிற நேரத்துக்குப் பொருந்தினாற்போல் அந்தக் காலை நடையை வைத்தால் எங்களுக்கும் உதவும். அதுவும் முடியாது என்றால், எந்தெந்த நடை எந்தெந்த நாளில் இல்லை என்று ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தத்திலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி ஒட்டட்டும். கண்டக்டரே வாயால் சொன்னால்கூடப் போதும். அவர் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அத்தை வீட்டிலேயே இருந்திருப்பாள், நான் காலையிலேயே ஆட்டோ அனுப்பியிருப்பேன்.

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கினார்கள். எங்கள் தடத்துக்கு இன்னும் வரவில்லை. வரும்போது, பண்டிகை நாளில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கும் கிளாம்பாக்கம் படம் போடுவீர்கள், போட வேண்டும். கூடவே ஏதாவது ஒரு மாவட்டத்தில், ஏதாவது ஓர் ஊர் விலக்கில், மாட்டுப்பொங்கல் காலை ஒன்பது மணிக்குத் தங்கள் நிருபரை ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். பார்த்ததை அப்படியே எழுதினால் போதும்.

போன வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். அடுத்த வருஷம் காலையிலேயே ஆட்டோ அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன். “எதுக்குய்யா அவ்வளவு காசு? ஒம்பது இருவதுல வந்துர்றேன்” என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
மளிகைக் கடைக்காரர், சேலையூர், சென்னை.