பார்க்கச் சொல்லிக் கேள்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஓசூர்க் குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் குறைந்தபாடில்லை. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

உன் கடிதத்தின் கடைசியில், இடமில்லாத இடத்தில் நெருக்கி இரண்டு வரி எழுதியிருந்தாயே, "கீழே அரிப்பு உயிரை வாங்குகிறது, சர்க்கரைதான் காரணம் என்கிறார்கள், யாரிடமும் சொல்லாதே" என்று. மற்றதையெல்லாம் ஒருமுறை படித்தேன், அந்த இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏட்டி, எனக்கும் அது இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் பேசலாம், ஆனால் நீ மருமகள் பக்கத்தில் இருந்துகொண்டு "ஆமா, ஆமா" என்று மட்டும்தான் சொல்வாய்.

மாதவிடாய் நின்று கொஞ்ச காலத்தில் எனக்கு ஆரம்பித்தது. பகலில் வேலையோடு வேலையாக மறந்திருக்கும். ராத்திரி படுத்து உடம்பு கதகதப்பானதும் தொடங்கிவிடும். தூக்கத்திலேயே கை போய்விடும். காலையில் எழுந்தால் நகக்கண்ணில் ரத்தக் கறை. சிறுநீர் கழிக்கும்போது மிளகாய் பட்டதுபோல் எரியும். கோயிலில் சம்மணமிட்டு உட்கார முடியாது, பஸ்ஸில் திருச்செந்தூர் வரை போய்வர முடியாது. எல்லாரிடமும் முதுகு வலி என்று சொல்லிவைத்திருந்தேன்.

மதினி இது உடம்புச் சூடு என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து மோர் குடிக்கச் சொன்னாள். சித்தி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாள். டாக்டர்களிடமும் போகாமல் இல்லை. ஒரு கிளினிக்கில் அந்த அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "வெள்ளை படுதா? சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார், பூஞ்சைக்கு மாத்திரையும் க்ரீமும் எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேறு ஒருவரிடம் போனால் அங்கேயும் அதே க்ரீம், வேறு கம்பெனி. கோமதி, இவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை. கையில் ஒரு கொப்புளம் என்றால் லைட்டைப் போட்டுப் பார்க்கிறவர்கள், இதற்கு மட்டும் பார்க்காமலே மருந்து எழுதுகிறார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். "தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்" என்று வாசலில் பெரிய போர்டு. அதன் கீழே உட்காரப் பெண்கள் எவ்வளவு கூசுகிறார்கள் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமலே ஒருத்தி. என் முறை வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த டாக்டரம்மா "ஏறிப் படுங்கம்மா, பார்த்தாத்தான் தெரியும்" என்றார். நர்ஸைப் பக்கத்தில் நிற்கவைத்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "நீங்களும் பாருங்க, உங்க உடம்புதானே" என்றார்.

அறுபது வயதுக்கு மேல், விலங்கியல் படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தவளையின் உடற்கூறு சொல்லிக்கொடுத்த நான், அன்றைக்குத்தான் என் உடம்பின் அந்தப் பகுதியைப் பார்த்தேன். தோல் வெளுத்து, பளபளத்து, வெங்காயச் சருகு மாதிரி சுருங்கியிருந்தது. முன்னும் பின்னும் சேர்ந்து எட்டு என்ற எண் போட்டதுபோல் அந்த வெள்ளை. அங்கங்கே தோலுக்கடியில் ரத்தம் கட்டிய சிவப்புப் புள்ளிகள். உள்மடிப்புகள் பாதி கரைந்து ஒட்டிப்போயிருந்தன.

நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். மரத்துப்போக ஊசி போட்டுத் துளி தோலை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள், அதுவும் அதையே சொன்னது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் தோலையே தாக்குகிற வகை என்றுதான் நினைக்கிறார்கள். "தைராய்டு இருக்கா?" என்று டாக்டர் எடுத்ததுமே கேட்டார். நான் காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து வருவது அடிக்கடி உண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வயசுக்கு வராத சின்னப் பெண்களுக்கும் அதிகம், ஆண்களுக்கும் வரும். தொற்றாது. அவருக்கு என்னிடமிருந்தோ எனக்கு அவரிடமிருந்தோ வந்ததில்லை. சுத்தக் குறைவாலும் வந்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

இனி மருந்து. குளோபெட்டசால் 0.05 சதவீத ஆயின்ட்மென்ட். ஒரு மாதம் தினமும் ராத்திரி, அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி, மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம், ஒரு தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம். 30 கிராம் மருந்து மூன்று மாதத்துக்கும் போதும். எங்கே பூச வேண்டும், எங்கே வேண்டாம் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் படம் வரைந்து காட்டினார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டியூபோடு இருந்த தாளைப் படித்தால் இது வீரியமான ஸ்டீராய்டு, மென்மையான இடத்தில் பூசக் கூடாது என்று போட்டிருக்கிறது! மருந்துக் கடைப் பையனும் "அங்க போடுறதுக்கா?" என்று தயங்கினான். பயத்துக்குக் காரணமும் உண்டு. என் தம்பி மகன் தொடை இடுக்குப் படர்தாமரைக்கு, பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்பை யாரோ சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து சிவப்புக் கோடு கோடாகி, படர்தாமரையும் போகாமல் இடுப்பு முழுக்கப் பரவி நின்றான். நம் நாட்டில் இந்தக் கூத்து அவ்வளவு பெருகியதால்தான் 2018-இல் பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆனால் அவனுக்கு விஷமாக இருந்த அதே இன மருந்துதான் எனக்குச் சிகிச்சை. தாளோடு டாக்டரிடமே திரும்பிப் போய்க் கேட்டேன். பொறுமையாக விளக்கினார்: பூஞ்சைக்கு ஸ்டீராய்டு தீனி, இந்த நோய்க்கு அதுதான் முதல் மருந்து, அளவோடு போட்டால் மெலிந்த தோல் திரும்பத் தேறும். அப்படித்தான் ஆனது. முதல் டியூப் தீர்வதற்கு முன்பே இரவுகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

அரிப்பு போனதும் நிறுத்திவிடலாமா என்றால், கூடாது. இது ஓய்ந்திருக்கும், ஒழியாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அதே இடத்தில் புற்றுநோயாக மாறலாம். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவுதான். ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள 507 பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். சொன்னபடி விடாமல் மருந்து போட்டவர்களில் ஒருத்திக்குக்கூடப் புற்று வரவில்லை. விட்டுவிட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு ராத்திரி என் கணக்கு தப்பாது. ஆறாத புண்ணோ தடித்த கட்டியோ தென்பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சோப்பு, டெட்டால், டி.வி.யில் காட்டுகிற அந்த வாசனைத் திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது. வெறும் தண்ணீர், பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது; தேய்ப்பதே இல்லை. காலையும் இரவும் வாசலின். தும்மினால் இருமினால் சொட்டுச் சிறுநீர் வருவது நம் வயதில் சகஜம், ஆனால் அந்த ஈரம் இந்த நோயைக் கிளறும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைப்பாய். பல வருஷமாக நான் விலகி விலகிப் படுத்ததற்கு அவராக ஏதோ காரணம் கற்பித்துக்கொண்டு மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார். சீட்டையும் படத்தையும் காட்டி, வலித்தது, அதனால்தான் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இப்போதும் அவர்தான் போய் வாங்கிவருகிறார்.

இப்போது உன் விஷயம். எனக்கு இருப்பதுதான் உனக்கும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நீ சர்க்கரைக்காரி. போன வருஷம் புதிதாக ஏதோ மாத்திரை தொடங்கியதாக எழுதியிருந்தாய். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன, டாபாகிளிஃப்ளோசின் மாதிரி. அவற்றால் அந்த இடத்தில் பூஞ்சை வருவது உண்டு. அப்படியென்றால் உனக்குப் பூஞ்சை மருந்தே சரியாக இருக்கலாம், மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதைச் சர்க்கரை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். நீயாக நிறுத்திவிடாதே. ஆனால் பூஞ்சை மருந்து போட்டும் அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது மருந்தை இல்லை, நோய்க்கு வைத்த பெயரைத்தான். சர்க்கரை இல்லாத, மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் பூஞ்சை வருவதே அபூர்வமாம். எனக்குச் சர்க்கரை கிடையாது. அதை யாராவது யோசித்திருந்தால் எத்தனை ராத்திரி மிஞ்சியிருக்கும்.

அதனால் போ. தோல் டாக்டரோ பெண்கள் டாக்டரோ, யாராக இருந்தாலும் உட்கார்ந்ததும் "பார்த்துட்டு எழுதுங்க டாக்டர்" என்று சொல். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எழுதினால் எழுந்து வந்துவிடு. மருமகளைக் கூட்டிப் போக வெட்கமாக இருந்தால் என்னிடம் சொல். அடுத்த மாதம் பெங்களூருக்கு அக்கா வீட்டுக்கு வருகிறேன், ஓசூரில் இறங்கி இரண்டு நாள் உன்னோடு இருந்துவிட்டுப் போகிறேன். போர்டுக்குக் கீழே நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம்.

அதுவரைக்கும் நகத்தை ஒட்ட வெட்டிவை. சோப்பை விடு. நீ சாப்பிடுகிற மாத்திரைப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வை, டாக்டர் கட்டாயம் கேட்பார். இந்தக் கடிதத்தை யாராவது பார்த்துவிட்டால் என்ன என்று பயப்படாதே. உன் மருமகளே படித்தாலும் நல்லதுதான், அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

எந்த ரயிலில் வந்தால் உனக்குத் தோது என்று உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
உன் செண்பகம்