மலைக்குப் போய்ட்டு வந்த கதை, பாப்பாவுக்கு

பாப்பா,

திங்கக்கிழம போன்ல நீ அழுதது இன்னும் காதுலயே இருக்கு. "ஏம்மா சொல்லாம போன, மூணாறுல வச்சு உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் பூனாவுலேர்ந்து எப்படிம்மா வந்து சேர்றது"ன்னு கேட்ட. எனக்கு அப்ப வாய்ல பதில் வரல. போன்ல பேசுனா நீயும் அழுவ நானும் அழுவேன், அதான் எழுதுறேன். ஒத்த விரல்ல தட்டித் தட்டி மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா எழுதிக்கிட்டு இருக்கேன், காலைல விரல் மடங்காது, வெயில் ஏறி பதினோரு மணிக்கு மேலதான் உக்காருவேன்.

மொதல்ல ஒண்ணு. சொல்லாம போனது தப்புதான் கண்ணு. அதுக்கு நான் காரணம் சொல்ல மாட்டேன். சொன்னா நீ வேணாம்ப, நீ வேணாம்னா எனக்கு போக மனசு வராது, அந்த பயத்துல மறைச்சுட்டேன். பெத்த பொண்ணுகிட்ட பயந்து மறைக்கிற மாதிரி ஆயிடுச்சேன்னு ரயில் ஏறுனதுலேர்ந்து உறுத்திக்கிட்டேதான் இருந்துது. ஆனா போனது தப்பில்ல. இதை நீ பொறுமையா படிக்கணும்.

உனக்கு நினைவிருக்கும், 2018ல மொதமொத கை வீங்குனப்ப எல்லாரும் சரவாங்கின்னாங்க, வாயுன்னாங்க, ஒரு இடத்துல ஊசி போட்டா ரெண்டு நாள்ல பறந்துடுதேன்னு நானும் மாசாமாசம் போய் போட்டுக்கிட்டேன். அது ஸ்டீராய்டுன்னு ஒருத்தரும் சொல்லல. உடம்பு ஊதி, சுகர் ஏறி, அப்புறம் நீதான் லீவு போட்டு வந்து என்னை இழுத்துக்கிட்டு பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு போன. அங்கதான் ருமட்டாய்டுன்னு பேர் சொல்லி, இது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டைத் தாக்குற நோய், வேரோட போகாது, ஆனா கட்டுப்படுத்தி வச்சுக்கலாம்னு உக்கார வச்சு விளக்கினாங்க. அன்னைக்கு நீ பண்ணலேன்னா இன்னைக்கு என் விரலெல்லாம் கோணிப் போயிருக்கும். இதை நான் மறக்கல. நீ பண்ணதையெல்லாம் மதிக்காமப் போயிட்டேன்னு மட்டும் நினைச்சுடாத.

ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சு பாரு. நீ போன் பண்ணா ரத்த டெஸ்ட்டுல வீக்கத்தைக் காட்டுற அந்த ஈஎஸ்ஆர் எவ்வளவு, மாத்திரை போட்டியா, வீக்கம் இருக்கா, இதுதான் பேச்சு. அம்மா என்ன சமைச்ச, சில்வர் பீச் போனியா, யார் வந்தா, இதெல்லாம் நீ கேட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே தெரியல. உன் அக்கறை புரியுது. எனக்கு கோலம் போட முடியல, பால் பாக்கெட்டு பிரிக்க கத்திரிக்கோல் வேணும், ஊறுகா ஜாடி மூடி திறக்க பக்கத்து வீட்டுப் பையன் வரணும், எல்லாம் உண்மை. ஆனா நான் நோயாளி மட்டும் இல்லம்மா.

தேவனாம்பட்டினத்து அத்தைதான் இந்த டூர் பேச்சையே ஆரம்பிச்சா. நீ அவ மேல கோவமா இருக்கன்னு தெரியும், "அவங்களுக்கு புத்தி வேணாமா"ன்னு கேட்ட. அவகிட்ட நான் அதை சொல்லல. தானே புயல் ஞாபகம் இருக்கா, 2011 டிசம்பர் 30 விடியக்காலைல, அவ குடும்பமே நம்ம வீட்லதான் இருந்துது, நம்ம தென்னை ரெண்டும் சாய்ஞ்சு வாசலை அடைச்சுக்கிச்சு, அவளும் நானும் அரிவாள் வச்சு மட்டையை வெட்டி வழி பண்ணோம். அப்ப எனக்கு என்ன கை! கரண்ட்டு வர்ற வரைக்கும் ஒரே அடுப்பு, ஒரே சட்டி. அவளுக்கு என் பழைய கையும் தெரியும், இப்ப இருக்கிற கையும் தெரியும், ரெண்டையும் அவ ஒரே மாதிரிதான் புடிக்கிறா.

அவ சும்மா வா போலாம்னு இழுத்துக்கிட்டு போகல. டிசம்பர் மாசமே, மலைக்கு போணும்னா மொதல்ல நம்ம ஊர் மலையில ஏறிக் காட்டுடின்னா. நம்ம கடலூர்ல ஏறுறதுக்கு மேடுன்னு என்ன இருக்கு, கெடிலத்துக் கரையும் கடற்கரை மணலும்தானே. திருவந்திபுரத்துல ஔஷதகிரி இருக்கே, ஹயக்ரீவர் சன்னதிக்கு ஏறுற 74 படி, அதுதான் நம்ம மலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டு போகும்போது அதுலேர்ந்து ஒரு துண்டு விழுந்து இந்த மலை ஆச்சுன்னு உனக்கு பரீட்சைக்கு முன்னாடி கூட்டிட்டு போறப்பல்லாம் சொல்லுவேன்ல, மருந்து மலைன்னு. மொதல் தடவை 20 படியில முட்டி கெஞ்சிடுச்சு, கீழ இறங்கி தேவநாத சாமிய மட்டும் கும்பிட்டு வந்துட்டோம். வாராவாரம் போனோம். மார்ச் மாசம் ஒரு சனிக்கிழம உக்காந்து உக்காந்து 74ம் ஏறிட்டேன். மேல நின்னப்ப உனக்கு போன் பண்ணனும்னு கை போச்சு, பண்ணல. பண்ணிருக்கணும்.

அப்புறம் ஜிப்மர்ல அந்த டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். ரத்தம் டெஸ்ட் பாத்தாங்க, லிவர் சரியா இருக்கு, கவுண்ட் சரியா இருக்கு, போய்ட்டு வாங்க, ஆனா மெத்தோட்ரெக்ஸேட் நாள் மாத்தக்கூடாது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறீங்க, கூட்டத்துல மாஸ்க் போடுங்க, கொதிக்க வச்ச தண்ணி குடிங்க, காய்ச்சல் வந்தா சும்மா இருக்காம உடனே போன் பண்ணுங்கன்னாங்க. உனக்குத்தான் தெரியுமே, அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள், எனக்கு ஞாயித்துக்கிழம. மறுநாள் பூரா குமட்டலும் அசதியும். அதனால திங்கக்கிழம வீட்ல படுத்துக்கிட்டேன், செவ்வாக்கிழம கெளம்பி அடுத்த ஞாயிறு மாத்திரைக்கு வீடு வந்து சேர்ற மாதிரி கணக்கு போட்டோம். மாத்திரையை ரெண்டு பங்கா பிரிச்சு ஒண்ணு என் பையில, ஒண்ணு அவ பையில. ஜிப்மர் சீட்டு ஜெராக்ஸ் ரெண்டு பேர்கிட்டயும். பாத்தியா, நான் நோயை மறந்துட்டு போகல, அதையும் சேத்து மூட்டை கட்டிக்கிட்டுதான் போனேன்.

விழுப்புரம் பஸ்ல போய் வைகை புடிச்சோம். ஏசி வேணாம்னுட்டேன், அந்த குளிர் முட்டிக்கு ஆகாது. உக்காந்தே இருந்தா மூட்டு இறுகிடும்னு ஒரு மணிக்கு ஒருதரம் எழுப்பி பெட்டிக்குள்ளயே நடக்க வச்சா. ராத்திரி மதுரையில தங்கிட்டு காலைல கார் எடுத்து தேனி, போடி வழியா ஏறுனோம். போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணா அவ எண்ணிக்கிட்டே வந்தா, நான் ஜன்னலை இறக்கி விட்டுட்டேன், மேல போகப்போக ஏலக்கா வாசனை காத்துல அப்படியே வருது பாப்பா. ஏப்ரல் மாசம், நம்ம ஊர்ல பேன் காத்தே சுடுற நேரம், அங்க நான் உன் பழைய காலேஜ் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமதான் எரவிகுளம். அது வரையாட்டுக்குன்னே இருக்கிற காடு, 1978லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, ஒலகத்துல வேற எங்கயும் விட இந்த ஆடு அங்கதான் அதிகம். நம்ம தமிழ்நாட்டுக்கு மாநில விலங்கும் இதுதானே. பிப்ரவரி மார்ச்சுல குட்டி போடுற காலம்னு ஆளுங்கள விடாம மூடிடுவாங்க, நாங்க போனது திறந்த கொஞ்ச நாள்ல. கீழ வண்டியை நிறுத்திட்டு வனத்துறை பஸ்லதான் ராஜமலைக்கு போகணும். எனக்கு காலைல எந்திரிச்சு விரல் விடவே ஒன்றரை மணி நேரம் ஆகும்ல, அதனால 4 மணிக்கே எந்திரிச்சு சுடுதண்ணியில கையை முக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், அவளும் தூங்காம எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தா.

பஸ் இறக்கி விட்ட இடத்துலேர்ந்து மேல ரோடு மாதிரியே போட்டிருக்காங்க, நடக்கணும். நான் என் எம்சிஆர் செருப்போட, அதான் அந்த மெத்து ரப்பர் செருப்பு, மெதுவா, பத்து பத்து அடியா. சின்னப் பசங்கல்லாம் எங்களைத் தாண்டிப் போறாங்க. பனி வந்து மூடுது, அவ சேலை கலர் கூட தெரியல, ரெண்டு நிமிஷத்துல விலகுது, விலகுனா எதிர்ல பச்சைப் புல்லும் கருப்புப் பாறையுமா மலை நிக்குது. ஆனைமுடி 2695 மீட்டராம், தென்னிந்தியாவுலயே அதுதான் ஒசரம், அது மேல நாங்க ஏறல, பாக்கத்தான் போறது. ஒரு திருப்பத்துல மூச்சு வாங்க கட்டைச் சுவர்ல உக்காந்தேன், எனக்கு நாலு அடியில, பொய் இல்ல பாப்பா, நாலே அடியில ஒரு ஆடு குட்டியோட வந்து நிக்குது. பயமே இல்ல அதுக்கு. குட்டி பாறையில ஏறுது, சறுக்குது, மறுபடி ஏறுது. தாய் பாட்டுக்கு புல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. அங்க இருந்த வாட்சர் ஒருத்தர் தமிழ்லயே பேசினாரு, அது குளம்பு ஓரம் கெட்டியா நடுவுல மெத்துன்னு இருக்கும்மா, அதான் பாறையில வழுக்காம நிக்குதுன்னாரு. நான் என் எம்சிஆரைக் குனிஞ்சு பாத்தேன். ஜிப்மர்ல பாதம் அளவெடுத்துக் கொடுத்தப்ப இந்த செருப்பைப் போட எவ்வளவு அழுதேன், கல்யாணத்துக்கு கூட இதைப் போட்டுக்கிட்டு போகணுமான்னு. அங்க உக்காந்திருந்தப்ப அந்த வருத்தம் போயிடுச்சு. முழுசா போயிடுச்சு.

குறிஞ்சிச் செடி வழி பூரா இருக்கு, பூ இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதரம், கடைசியா 2018ல பூத்துது, அதான் என் கை வீங்குன வருஷம். அடுத்தது 2030. அதை இங்க எழுதி வைக்கிறேன், அப்புறம் பேசுவோம்.

இப்ப நீ பயந்ததை எழுதுறேன். மறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழம காலைல என்னால எந்திரிக்க முடியல. முட்டி ரெண்டும் பந்து மாதிரி, மணிக்கட்டு சூடா, போர்வையை விலக்கக் கூட முடியல. முந்தின நாள் நடந்ததுக்கும் குளிருக்கும் சேத்து வச்சு குடுத்துடுச்சு. காய்ச்சல் இருக்கான்னு தெர்மாமீட்டர் வச்சு பாத்தா, இல்ல. வலி அதிகமானா போடச் சொல்லி எழுதிக் குடுத்த மாத்திரையைப் போட்டுக்கிட்டேன், அவ சுடுதண்ணி பை வச்சா, ரூம்ல வேலை செய்யிற அம்மா, தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், நம்ம தமிழ் ஆளுதான், கேக்காமலே கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டு வந்துச்சு. அந்தம்மாவும் தன் விரலைக் காட்டுச்சு, இருவது வருஷம் கொழுந்து பறிச்ச விரலாம், ரெண்டு பேரும் விரலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டோம்.

அப்புறம் நான் அத்தையைப் பாத்து, நீ போய் டீ மியூசியம் பாத்துட்டு வான்னேன். அவ என்ன பண்ணான்னு நினைக்கிற? போனா. ஐயோ உன்னை விட்டுட்டா எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லல. தண்ணி, போன், பிஸ்கட் மூணையும் என் கைக்கு எட்டுற மாதிரி வச்சுட்டு, பாத்ரூம் போகணும்னா கூப்பிட கீழ அந்தம்மாகிட்ட சொல்லிட்டு, போய்ட்டா. மூணு மணி நேரம் நான் தனியா படுத்திருந்தேன் பாப்பா. ஜன்னல் வழியா தேயிலைத் தோட்டத்து மேல பனி ஏறுறதும் இறங்குறதுமா இருக்கு. வலி இருந்துது, பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியைப் பாத்து பரிதாபப்பட ஆள் இல்ல. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, என்னை நம்பி ஒருத்தர் விட்டுட்டுப் போய்? அவ திரும்பி வந்து மெஷின்ல எப்படி இலையைச் சுருட்டுறாங்கன்னு கையை ஆட்டி ஆட்டி சொன்னா, நான் சிரிச்சு சிரிச்சு கேட்டேன், சாயங்காலம் சுவரைப் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்துட்டேன்.

சனிக்கிழம மெதுவா இறங்குனோம், ஞாயித்துக்கிழம வீடு, ராத்திரி மாத்திரை. வீக்கம் வடிய நாலு நாள் ஆச்சு. இதுதான் நான் குடுத்த விலை, எனக்கு அது அதிகமா தெரியல.

நீ கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன். ஏதாவது ஆயிருந்தா? ஆயிருக்கலாம். மஞ்சக்குப்பம் வீட்ல பாத்ரூம்லயும் ஆகலாம் கண்ணு. நீ தூரத்துல இருக்கிறது உன் தப்பில்ல, அதுக்காக நீ ராத்திரியெல்லாம் தூங்காம இருக்கிறதும் எனக்குத் தெரியும், மாப்ள சொன்னாரு. இனிமே சொல்லாம எங்கயும் போக மாட்டேன், அத்தை மேல சத்தியம், எந்த ரயில், எந்த ரூம், யார் நம்பர், எல்லாம் உனக்கு முன்னாடியே வரும். அதுக்கு பதிலா நீ எனக்கு ஒண்ணு பண்ணனும். போகாதன்னு சொல்லாத. போய்ட்டு வான்னு சொல்லு.

ஜூலைல ஏற்காடு போலாமான்னு அத்தை இப்பவே கேக்குறா, நான் ரத்தம் டெஸ்ட்டு வரட்டும்னு சொல்லிருக்கேன். அடுத்த வாரம் ஜிப்மர் போறேன், ரிசல்ட்டு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புறேன். அத்தைக்கு ஒரு போன் பண்ணி ரெண்டு வார்த்தை நல்லா பேசு, அவ காத்துக்கிட்டு இருக்கா, வாய் விட்டு கேக்க மாட்டா.

டீத்தூள் ரெண்டு பாக்கெட்டு பார்சல் போட்டிருக்கேன், பெருசு உனக்கு, சின்னது உன் மாமியாருக்கு. கூட ஏலக்கா கொஞ்சம் பொட்டலம் கட்டி வச்சிருக்கேன், முடிச்சு சரியா விழல, பாத்து பிரி, கொட்டிடும்.

அம்மா